கேம் டெஸ்டிங்: கல்லடி வீட்டிலிருந்தா, கொழும்புக்குப் போயா?

கேம் விளையாடுவதற்கு யாரும் டெஸ்டருக்குக் காசு தருவதில்லை. அரைகுறையாக இருக்கும் ஒரே கட்டத்தில் சுவர் சுவராகப் போய் மோதி, எங்கே ஓட்டை விழுகிறது என்று கண்டுபிடித்து, அதை இன்னொருவரும் அப்படியே நிகழ்த்திப் பார்க்கும்படி எழுதுவதற்குத்தான் காசு. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தவருக்கு இதில் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி இரண்டு. வீட்டிலிருந்தே, வெளியாரைக் கொண்டு சோதிக்கும் யூடெஸ்டர் போன்ற இணையத்தளங்களில் செய்யலாம். அல்லது கொழும்பில் மென்பொருள் கொம்பனியொன்றில் கியூஏ (மென்பொருள் தரச் சோதனை) வேலைக்குச் சேரலாம்.

வீட்டு வேலையில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட பக்குக்கு, அதாவது நீங்கள் கண்டுபிடித்த பிழைக்குத்தான் கூலி. உங்களுக்கு முன் ஒருவர் அதையே போட்டிருந்தால் டூப்ளிகேட், சல்லிக்காசும் வராது. இதில் நேர வித்தியாசம் வேறு. நியூயோர்க்கில் காலை 9 மணிக்குச் சோதனைச் சுற்று திறந்தால் நமக்கு மாலை 6.30, அங்கே குளிர்காலமென்றால் இரவு 7.30. மறுநாள் விடிந்து மின்னஞ்சல் பார்ப்பவருக்குச் சுலபமான பக் எதுவும் மிஞ்சாது. அப்படிப் பிந்தினால் மெனுவையும் முதற்கட்டத்தையும் விட்டுவிடுங்கள். மற்றவர்கள் சோம்பல்படும் இடத்துக்குப் போங்கள்: ஆட்டத்தின் நடுவே அழைப்பு வருவது, கேமுக்குள் பொருள் வாங்கும்போது டேட்டாவை அணைப்பது, போனில் இடம் நிரம்பியிருக்கையில் சேமிப்பது, பின்னணிக்கு அனுப்பிப் பத்து நிமிடம் கழித்துத் திறப்பது. ரேம் குறைந்த பழைய போனை விற்க வேண்டாம், கேம் திடீரென மூடிக்கொள்வது அதில்தான்.

கொழும்பு வேலையில் பக் கிடைக்காத மாதமும் சம்பளம் உண்டு. ஈபிஎஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்களிடம் 8 வீதம் பிடித்து முதலாளி 12 வீதம் போடுவார், ஈடிஎஃப்புக்கும் (ஊழியர் நம்பிக்கை நிதி) அவரே 3 வீதம். போர்டிங், சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் உதயதேவி ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். இன்னொன்று, அங்கே கைக்கு வருவது பெரும்பாலும் வங்கிச் செயலியும் இணையத்தளமுமே. கேம் ஸ்டூடியோக்கள் கொஞ்சம்தான். பிளேஸ்டேஷன் போன்றவற்றின் டெவ்கிட்டை (கேம் உருவாக்குவோருக்கான தனி இயந்திரம்) ஸ்டூடியோவுக்கு வெளியே சும்மா கொடுத்துவிட மாட்டார்கள், ஆகவே வெளிவராத கன்சோல் கேமைக் கல்லடியில் இருந்து சோதிக்கும் கனவை இப்போதைக்கு விடலாம்.

எந்த வழியானாலும் ஆளைத் தூக்கிவிடுவது ரிப்போர்ட்தான். ‘கேம் நிற்கிறது’ என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். ‘கட்டம் 3: பாலத்தில் இடைநிறுத்தித் தொடர்ந்தால் கேம் மூடிக்கொள்கிறது’ என்பது தலைப்பு. கீழே இலக்கமிட்ட படிகள், நடக்க வேண்டியது, நடந்தது, பில்ட் எண் (கேமின் எந்தப் பதிப்பு என்பது), போன் மொடல், அன்ட்ரொய்ட் பதிப்பு, பத்துத் தடவையில் எத்தனை தடவை வந்தது. வீடியோவும் லொக்கும் (போன் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு) இணைக்க வேண்டும். கணினியிலிருந்து போனை இயக்கும் ஏடிபி கருவியின் ஸ்கிரீன்ரெக்கோர்ட் வழமையாக 3 நிமிடத்தில் தானாக நின்றுவிடும், பக் 4ஆவது நிமிடத்தில் வந்தால் போச்சு. லொக்கையும் உடனே எடுங்கள், புதிய வரிகள் வந்து பழையதை அழித்துவிடும். மார்கழி மழையில் கரண்ட் போகும் ஊர் என்பதால் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் அவசியம், இல்லையென்றால் வீடியோ பாதி ஏறும்போதே சுற்று மூடிவிடும்.

பதியும் முன்பே பேயோனியரில் (வெளிநாட்டுக் காசைப் பெறும் இணையச் சேவை) காசு அனுப்புவார்களா என்று பாருங்கள். பேபால் மட்டும் என்றால் இலங்கையில் சிக்கல். ‘டெஸ்டர் வேலை’ தருகிறோம் என்று டெலிகிராமில் முற்பணம் கேட்பவர் எவரானாலும் மோசடிதான்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ படித்துக்கொண்டிருப்பவர் வீட்டு வழியில் தொடங்குவதே நல்லது. வீட்டைத் தாங்க வேண்டியவர் அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது, அவருக்குக் கொழும்புதான். மென்பொருள் சோதனைக்கான சர்வதேச அமைப்பான ஐஎஸ்டிகியூபியின் அடிப்படைச் சான்றிதழ் நேர்முகத்தில் உதவும்: 40 கேள்வி, 26 சரியானால் தேர்ச்சி.

நமக்கு மட்டும் கைகொடுக்கும் சரக்கும் ஒன்று உண்டு, தமிழாக்கச் சோதனை. கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்ப்ரோவுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாது. ‘கெ’ என்று வர வேண்டிய இடத்தில் ககரம் முன்னாலும் கொம்பு பின்னாலும் நிற்கும். தமிழ் தெரியாத டெஸ்டர் ஆயிரம் தடவை பார்த்தாலும் அது அவருக்குச் சரியாகத்தான் தெரியும்.