ஏழு சொற்கள் கொண்ட ஒரு சுவர் அட்டை: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

குளச்சலுக்கு அருகில் எங்கள் வீட்டு முன்னறையில், மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாகர்கோவிலில் வாங்கி வந்த ஒரு சுவர் அட்டை இன்றும் அங்கே தொங்குகிறது. எழுவாயாக வரும் ஐ, வீ, யூ, ஹீ, ஷீ, இட், தே என்னும் ஏழு புரொனவுன்களும் (பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக நிற்கும் சொற்கள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் தமிழ்ப் பொருளும், அடியில் ஆள், இடம், பொருள் என்று பிரித்த சில பெயர்ச்சொற்களும் அதில் உள்ளன. இதைப் பிள்ளைகளுக்கு வாங்கலாமா என்று பெற்றோர் பலர் கேட்பதால், அது எவ்வளவு தூரம் உதவியது, எங்கே கைவிட்டது என்பதை எழுதுகிறேன்.

மனப்பாடத்துக்கு அட்டை போதும். ஒரு வாரத்தில் ஏழும் வந்துவிடும். ஆனால் முதல் ஆண்டு முழுவதும் என் பிள்ளைகள் இரண்டு பிழைகளை விடாமல் செய்தார்கள். ஒன்று, எழுவாயே இல்லாமல் ‘கேம் யெஸ்டர்டே’ என்று எழுதுவது. மற்றொன்று, ‘மை ஃபாதர் ஹீ கேம்’ என்று பெயர்ச்சொல்லையும் புரொனவுனையும் ஒரே வாக்கியத்தில் அடுக்குவது. இரண்டுக்கும் வேர் நம் பேச்சில்தான் இருக்கிறது. ‘நேற்று வந்தான்’ என்றால் வந்தவன் ஓர் ஆண், ஒருவன், நானும் நீயும் அல்லாத வேறொருவன் என்பதை வினையின் விகுதியே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘கேம்’ என்னும் ஒரே வடிவம் ஏழு சொற்களுக்கும் பொதுவாக நிற்பதால், வந்தது யார் என்பதை எழுவாய்தான் சொல்ல வேண்டும். இதை விளக்க எங்கள் மாவட்டத்தில் ஒரு வசதி உண்டு. கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்து உறவினர் வழியாகவோ தொலைக்காட்சி வழியாகவோ மலையாளம் காதில் விழாத பிள்ளை இங்கே குறைவு. ‘ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு’ என்று சொல்லிக் காட்டி, ஆங்கிலத்தின் ‘கேம்’ என்பதும் அந்த ‘வந்நு’ போல ஆளைக் காட்டாது என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். அட்டையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இரண்டாம் ஆண்டில் அட்டையோடு இரண்டு பத்தி நோட்டு ஒன்றையும் சேர்த்தேன். இடப்பக்கம் பெயர்ச்சொல் உள்ள வாக்கியம், வலப்பக்கம் அதே வாக்கியம் புரொனவுனோடு. எழுதுவதற்கு முன் எழுவாயைப் பென்சிலால் வட்டமிட வேண்டும். வட்டத்துக்குள் இருப்பது முழுவதும் போய், அந்த இடத்தில் ஒரே சொல் வர வேண்டும். இந்த வட்டம்தான் என் அனுபவத்தில் மிகப் பெரிய உதவி. ‘மை ஃபாதர்ஸ் நியூ நெட்’ என்பதில் ‘நெட்’ மட்டும் பெயர்ச்சொல் என்று எண்ணி ‘மை ஃபாதர்ஸ் நியூ இட்’ என்று எழுதிய பிள்ளைகள், அப்பாவின் புதிய வலை என்னும் முழுத் தொடருக்கும் சேர்த்தே ‘இட்’ வருகிறது என்பதை வட்டமிட்டபின் கண்டுகொண்டார்கள். ‘மை பிரதர் அண்ட் ஐ’ என்பது ‘வீ’ ஆவதும், ‘யூ அண்ட் யுவர் சிஸ்டர்’ என்பது ‘யூ’ ஆவதும் அப்படியே தெளிந்தன.

அட்டையின் பெருங்குறை, ‘ஹீ’ என்பதற்கு ‘அவன்’ என்றும் ‘ஷீ’ என்பதற்கு ‘அவள்’ என்றும் மட்டும் பொருள் அச்சிட்டிருப்பதுதான். எங்கள் ஊரில் பெற்றோரையும் பெரியவர்களையும் ‘அவிய’ (அவர்கள்) என்றே சொல்வோம். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ‘மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மேன், தே கோ டு சீ அட் நைட்’ என்று எழுதியிருந்தது. ஏன் ‘தே’ என்று கேட்டேன். “அப்பா கடலுக்குப் போயிருக்காவ டீச்சர், அவியள எப்படி அவன்னு எழுத?” என்றது. நான் அதைப் பிழை என்று சிவப்பு மையால் அடிக்கவில்லை. மரியாதைக்காக ஒருவரைப் பன்மையில் சுட்டும் தமிழ் வழக்கை அந்தப் பிள்ளை நேர்மையாக ஆங்கிலத்துக்குக் கொண்டு போயிருந்தது. படர்க்கையில் ஆங்கிலம் மரியாதையை வேறுபடுத்துவதில்லை. அமைச்சரும் ‘ஹீ’தான், அண்டை வீட்டுச் சிறுவனும் ‘ஹீ’தான், அதில் இழிவு ஏதும் இல்லை என்று விளக்கினேன். அன்றே அட்டையில் ‘ஹீ’ பக்கத்தில் அவன், அவர், அவிய என்றும், ‘ஷீ’ பக்கத்தில் அவள், அவர், அவிய என்றும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினேன். அந்தத் துண்டுத் தாளுக்குப் பின் இந்தப் பிழை பெரிதும் குறைந்தது. ‘அவர்’ என்பது ஆணா பெண்ணா என்பதைத் தமிழ் மறைத்து வைப்பதால், மருத்துவர், ஆசிரியர் போன்ற சொற்கள் வரும்போது முதலில் ஆளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பழக்குகிறேன். பால் தெரியாத ஒருவரை ஆங்கிலத்தார் ‘தே’ என்று சொல்வதும் உண்டு. அதை ஆறாம் வகுப்புக்குப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது.

‘இட்’ என்பதற்கு அட்டையில் பந்தும் நாயும் படமாக உள்ளன. இதைவிட நல்ல பாடம் கன்னியாகுமரியில் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைப் பற்றி எழுதச் சொன்னபோது, பாதி வகுப்பு ‘ஹீ இஸ் 133 ஃபீட் டால்’ என்று எழுதியது. திருவள்ளுவர் ‘ஹீ’, சிலை ‘இட்’. குறளை எழுதியவர் அவர், 38 அடிப் பீடத்தின் மேல் 95 அடி உயரத்தில் நிற்பது அது என்று இரண்டு வாக்கியங்களாகப் பிரித்து எழுத வைத்தேன். எந்தப் பெயர்ச்சொல்லின் இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே புரொனவுன் அமையும் என்பதை எந்தப் படமும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

கடலோரப் பிள்ளைகளுக்கு மீனும் அப்படித்தான். ‘ஃபிஷ்’ என்னும் சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றாகவே வரும். ‘தி ஃபிஷ் இஸ் ஃப்ரெஷ்’ என்றால் ‘இட்’, ‘தி ஃபிஷ் ஆர் ஃப்ரெஷ்’ என்றால் ‘தே’. ஒரு கூடைச் சாளையையும் ஒற்றைச் சூரையையும் மனத்தில் வைத்துக்கொண்டு வினையைப் பார் என்பேன். பெயர்ச்சொல்லைப் பார்த்தவுடன் புரொனவுனைத் தீர்மானிக்கும் அவசரம் இந்த ஒரு சொல்லால் அடங்குகிறது.

அட்டை எட்டாத இடங்களும் உள்ளன. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வது ஆங்கிலத்தில் ‘ஐ’ என்று எழுவாயாகிவிடும். இதற்குத் தனியாக இரண்டு வாரம் வேண்டியிருக்கிறது. மழை பெய்கிறது என்பதற்கு வரும் ‘இட்’ எந்தப் பொருளையும் சுட்டாது. அதைச் சொற்றொடராகவே பழக்குவது போதும். ‘வீ’ என்பதில் நாம், நாங்கள் இரண்டும் அடங்கும் என்று ஒருமுறை சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். ‘யூ’ படத்தில் விரல் ஒருவரையே காட்டுகிறது. நீ, நீங்கள் இரண்டுக்கும் அதுவே என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இத்தகைய அட்டையைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் இரண்டு பத்தி நோட்டு இல்லாமல் வாங்கினால் ஒரு மாதத்தில் அது வெறும் சுவர்ப் படமாகிவிடும். ஐந்தாம் வகுப்பில் ‘மீ’, ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘தெம்’ என்று செயப்படுபொருளாக வரும் வடிவங்கள் நுழைந்தவுடன் அட்டையைத் திருப்பித் தொங்கவிட்டுவிடுகிறேன். பார்த்து எழுதும் வசதி இருக்கும்வரை ‘ஹீ’யும் ‘ஹிம்’மும் கலந்துகொண்டே இருக்கின்றன. ஓரங்கள் கிழிந்து, உப்புக் காற்றில் நிறம் வெளுத்துவிட்ட என் அட்டைக்குப் பதிலாகப் புதியது வாங்கும் நேரம் வந்துவிட்டது. தமிழ்ப் பொருள் அச்சிடாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தைப் பிள்ளைகளே தங்கள் வீட்டுப் பேச்சைக் கொண்டு நிரப்பட்டும்.