பழைய குடும்பப் படங்களுக்கு ரிவர்சிபிள் வாட்டர்மார்க்: பயன்படுத்திப் பார்த்ததில்

ஃபேஸ்புக்கில் போட்ட படத்தை யாராவது சுட்டுவிடுவார்களோ என்ற கவலையில் ரிவர்சிபிள் வாட்டர்மார்க்கை (படத்துக்குள் மறைத்துப் பதித்து, பிறகு முழுவதுமாக நீக்கிவிடக்கூடிய குறியை) தேடுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த வேலைக்கு இது ஆகாது. நான் இதை வைத்திருப்பது வேறு காரியத்துக்கு.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்துகொடுப்பது என் தொழில். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கமிருந்து ஈரம் பட்டு ஒட்டிக்கொண்ட ஆல்பங்கள் நிறைய வந்தன. மாநகராட்சியில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸில் எடுத்த கல்யாணப் படங்களும் அதில் உண்டு. அந்தக் குடியிருப்பே இன்றைக்கு இல்லை. 1960களில் அங்கிருந்த நம் ஆட்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிரிண்ட் கையோடு உதிர்கிறது என்றால், ஸ்கேன்தான் இனி ஒரிஜினல். அதில் ஒரு பிக்சல் மாறினாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சாதாரண வாட்டர்மார்க் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் படத்தை நிரந்தரமாகக் கொஞ்சம் மாற்றிவிடும். ரிவர்சிபிள் வகையில், பதித்த தகவலை வெளியே எடுத்ததும் படம் பிட் மாறாமல் பழைய நிலைக்கு வந்துவிடும். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கு இதை அதிகம் பேசுவது அதனால்தான். அங்கே ஒரு புள்ளி மாறினாலும் மருத்துவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

2003இல் ஜுன் டியான் வெளியிட்ட முறையைத்தான் முதலில் எடுத்தேன். பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்சல்களின் வித்தியாசத்தை இரட்டிப்பாக்கி, அதில் ஒரு பிட்டைச் சொருகுவது. தகவல் பதிக்க இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் சேலைக் கரை, பந்தல் கால் மாதிரி கூர்மையான விளிம்புகளில் வித்தியாசம் ஏற்கெனவே பெரிது; அதை இரட்டித்தால் சொரசொரப்பு தெரிகிறது. எனக்கு அவ்வளவு இடமும் தேவையில்லை. படத்தின் ஹேஷ் (படத்தின் பிக்சல்களிலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண்) 256 பிட், குடும்பத்தின் பதிவு எண், தேதி, அவ்வளவுதான். குறியை எடுத்த பிறகு ஹேஷை மறுபடி கணக்கிட்டு, பதித்ததோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் என் சோதனை.

அப்புறம் நி, ஷி உள்ளிட்ட நால்வர் 2006இல் வெளியிட்ட ஹிஸ்டோகிராம் (எந்தச் சாம்பல் அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) நகர்த்தும் முறைக்கு மாறினேன். இன்றுவரை அதுதான். படத்தில் அதிகமாக வரும் சாம்பல் அளவு 142 என்று வைத்துக்கொள்ளுங்கள். 231 என்ற அளவில் ஒரு பிக்சல்கூட இல்லை. 143 முதல் 230 வரை உள்ள எல்லாவற்றையும் ஒன்று கூட்டி நகர்த்தினால் 143 காலியாகிவிடும். இப்போது 142இல் இருக்கும் பிக்சல்களை வரிசையாகப் பார்த்து, பிட் 0 என்றால் அப்படியே விடுவது, 1 என்றால் 143 ஆக்குவது. திரும்ப எடுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்தால் போதும். எந்தப் பிக்சலும் ஒன்றுக்கு மேல் நகர்வதில்லை. அதனால் பி.எஸ்.என்.ஆர் அளவு (படம் ஒரிஜினலுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதன் கணக்கு; கூடினால் நல்லது) 48 டெசிபலுக்குக் கீழே இறங்காது. கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

இதில் பழைய படங்களுக்கு ஒரு யோகம் இருக்கிறது. வெளுத்துப்போன போட்டோவில் முழுக் கறுப்பும் இருக்காது, முழு வெள்ளையும் இருக்காது. ஹிஸ்டோகிராமின் இரண்டு ஓரமும் காலியாகக் கிடக்கும். புதுப் படங்களில் அப்படிக் காலி இடம் கிடைக்காமல், நகர்த்திச் சேர்க்கும் அளவில் ஏற்கெனவே இருந்த பிக்சல்கள் எவை என்று தனிக் குறிப்பு ஒன்றையும் சேர்த்துப் பதிக்க வேண்டிவரும். வெளுத்த படத்தில் அந்தத் தொல்லையே இல்லை. ஸ்கேனரின் தானியங்கிக் கான்ட்ராஸ்ட்டை மட்டும் அணைத்துவிடுங்கள். அது ஓரங்களை நிரப்பிவிடும். செபியா படங்களில் நான் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற அடுக்குகளில் நீலச் சேனலில் மட்டும் பதிக்கிறேன். கண்ணுக்கு அதில் கூர்மை குறைவு.

வாடிக்கையாளர்கள் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் குறி இருக்குமா?" இருக்காது. ஜேபெக்காகச் சுருக்கிய அந்த நிமிஷமே போய்விடும். அளவைக் குறைத்தாலும் போகும். கலர் புரொஃபைலை மாற்றிச் சேமித்தாலும் போகும். நான் ஸ்கேன் செய்த ஒரு படத்தை ஒரு சங்கம் யாரையும் கேட்காமல் விழா மலரில் அச்சிட்டது. எங்கள் படம் என்று காட்ட இந்த வாட்டர்மார்க் துளிகூட உதவவில்லை. பகிர்வதற்குக் கொடுக்கும் பிரதியில் குடும்பப் பெயரைக் கண்ணுக்குத் தெரியும்படி போடுவதே நல்லது. சரி, அது அழகாக இருக்காதுதான்.

அப்படியென்றால் ஹேஷை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். படம் உங்கள் டிஸ்க்கை விட்டு வெளியே போகாது என்றால் தாராளமாகப் போதும். என் படங்கள் கேப்டவுனில் பேத்தியிடம் ஒன்று, லண்டனில் பேரனிடம் ஒன்று என்று பிரிந்து போகின்றன. கூடவே கொடுத்த கோப்பு எங்கேயோ தங்கிவிடுகிறது. டிஃப் வகைக் கோப்பைப் பிஎன்ஜி வகையாக மாற்றினால் மெட்டாடேட்டாவும் (கோப்புக்குள் எழுதிய குறிப்புகளும்) சில சமயம் காணாமல் போகும். பிக்சல் மாறாத வரை வாட்டர்மார்க் மட்டும் படத்தோடேயே இருக்கும். உச்ச அளவையும் காலி அளவையும் (மேலே சொன்ன 142, 231 மாதிரி) தனியாகக் குறித்து வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு சள்ளை. நான் அவற்றைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுகிறேன்.

ஒருமுறை திரும்பி வந்த ஒரு கோவில் படம் சோதனையில் தேறவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. கடைசியில், யாரோ படத்தை 90 டிகிரி திருப்பிச் சேமித்திருந்தார்கள். பிக்சல்கள் அதே, படிக்கும் வரிசைதான் மாறிப்போயிற்று. திருப்பி நிறுத்தியதும் ஹேஷ் அட்சரம் பிசகாமல் பொருந்தியது. இப்போது சோதனைக்கு முன்னால் நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்கும்படி நிரலை மாற்றிவிட்டேன்.

16 பிட் ஸ்கேன்களில் மட்டும் இந்த முறை எனக்குச் சரிப்படவில்லை. 256 அளவுகளுக்குப் பதில் 65,536 அளவுகள். பிக்சல்கள் அவ்வளவு தூரம் பரவிவிட்டால் உச்சம் தட்டையாகிவிடுகிறது. பாஸ்போர்ட் அளவுப் படமென்றால் ஹேஷுக்கே இடம் பற்றாது. அவற்றுக்கு மட்டும் டெக்ஸ்ட் கோப்புதான்.