காசு தீர்ந்தால் சர்வர் நிற்குமா, பில் ஏறுமா?

செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி மாணவருக்கு இறுதியாண்டு ப்ராஜெக்டை ஓட்ட ஒரு சர்வர் வேண்டும். கிருஷ்ணகிரி மாம்பழ வியாபாரிக்கு சீசன் ஆர்டர் எடுக்க ஒரு வெப்சைட் வேண்டும். இரண்டுக்கும் சின்ன சர்வரே போதும். விலையைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ஒதுக்கிய பணம் தீர்ந்ததும் சர்வர் தானாக நிற்குமா, கார்டில் பில் ஏறிக்கொண்டே போகுமா?

தானாக நிற்பதில் மாணவருக்கு ஏற்றது, மைக்ரோசாஃப்ட்டின் வாடகை சர்வர் சேவையான அஸூர் ஃபார் ஸ்டூடன்ட்ஸ். கார்டே கேட்காது. கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் 12 மாதத்துக்கு 100 டாலர் கிரெடிட் (சர்வருக்குச் செலவழிக்கத் தரும் இலவசத் தொகை); தீர்ந்தால் கணக்கு முடங்கும், அவ்வளவுதான். கூகுள் கிளவுட் 90 நாளுக்கு 300 டாலர் தருகிறது. கார்டு கேட்டாலும், நீங்களாக முழுக் கணக்குக்கு மாறாதவரை பணம் எடுக்காது. மாறிய பிறகு கிடைக்கும் ‘எப்போதும் இலவச’ சின்ன சர்வரான இ2-மைக்ரோவில்தான் சிக்கல். அது அமெரிக்காவின் மூன்று ரீஜன்களில் (சர்வர் இருக்கும் வட்டாரங்களில்) மட்டுமே இலவசம். பக்கத்தில் இருக்கிறதே என்று மும்பையைத் தேர்ந்தால் பில் வரும். டிஸ்க் வகையையும் ‘ஸ்டாண்டர்ட்’ என்று மாற்ற வேண்டும். தானாக வந்து நிற்கும் ‘பேலன்ஸ்டு’ டிஸ்க் இலவசத்தில் சேராது.

அமேசானின் சர்வர் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்ஸில் 12 மாதம் இலவசம் என்று சொல்லும் பழைய வீடியோக்களை நம்ப வேண்டாம். 2025 ஜூலை 15 முதல் புதுக் கணக்குக்கு 100 டாலர் கிரெடிட், சில பயிற்சிகளை முடித்தால் மேலும் 100 வரை. ‘ஃப்ரீ பிளான்’ எடுத்தால் ஆறு மாதத்திலோ கிரெடிட் தீர்ந்ததுமோ கணக்கு மூடப்படும். ‘பெய்டு பிளான்’ எடுத்தால் மீட்டர் ஓடும்.

அந்த மீட்டர்தான் புதியவர்களைக் கவிழ்க்கிறது. ஏ.டபிள்யூ.எஸ்ஸின் ஈசி2 சர்வரை ‘ஸ்டாப்’ செய்தாலும் டிஸ்குக்குக் காசு ஓடும். எலாஸ்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி எண்) வைத்திருந்தால் மணிக்கு 0.005 டாலர், சும்மா கிடந்தாலும் மாதம் 3.65. பாடத்தைப் பார்த்துப் போட்ட நாட் கேட்வே (உள் சர்வர்களை இணையத்துக்கு இணைக்கும் வழி) ஒன்றை மறந்தால் மாதம் 30 டாலருக்குக் குறையாது. ‘ஜீரோ ஸ்பெண்ட்’ பட்ஜெட் என்ற செலவு எச்சரிக்கையைக் கட்டாயம் போடுங்கள். ஒரு சென்ட் தாண்டினாலே மெயில் வரும். ஆனால் அது எதையும் நிறுத்தாது, செலவுக் கணக்கும் 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உங்கள் கணக்கின் சாவி (ரகசியக் குறியீடு) கசிந்தால், அந்த இடைவெளியிலேயே திருடன் பெரிய சர்வர்களைப் போட்டுக் உங்கள் செலவில் கிரிப்டோ காயின் எடுத்துவிடுவான்.

வியாபாரிக்கு மாத வாடகை சர்வர் போதும். டிஜிட்டல் ஓஷனில் 4 டாலருக்கு 512 எம்பி ரேம், 10 ஜிபி டிஸ்க், மாதம் 500 ஜிபி டிரான்ஸ்ஃபர் (சர்வரிலிருந்து வெளியே போகும் டேட்டா). 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 4.72. டேட்டா சென்டரும் ஓசூரைத் தாண்டி பெங்களூரிலேயே இருக்கிறது. ஏ.டபிள்யூ.எஸ்ஸின் மாத வாடகை சர்வரான லைட்செயிலில் ஐபிவி4 (வழக்கமான ஐபி) முகவரியோடு 5 டாலர். மும்பையில் டிரான்ஸ்ஃபர் அளவு பாதிதான் என்பதால் படங்கள் நிறைந்த சைட்டுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். 500 ஜிபியைத் தாண்டினால் டிஜிட்டல் ஓஷன் ஜிபிக்கு ஒரு சென்ட் போடும், பயப்பட ஒன்றுமில்லை. சாவி கசிந்தால் மட்டும் இங்கேயும் ஆபத்துதான்.

மாம்பழ சீசன் முடிந்ததும் ‘பவர் ஆஃப்’ செய்துவிட்டு விட்டுவிடக் கூடாது. இரண்டு நிறுவனங்களிலும் அணைத்த சர்வருக்கும் வாடகை உண்டு. டிஜிட்டல் ஓஷனில் ஸ்னாப்ஷாட் (சர்வரின் முழு நகல்) எடுத்து, சர்வரை ‘டெஸ்ட்ராய்’ செய்யுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்கு ஜிபிக்கு மாதம் 0.06 டாலர், 5 ஜிபி என்றால் 30 சென்ட். அடுத்த சீசனில் அதிலிருந்தே சர்வரை எழுப்பலாம். ஐபி முகவரி மாறியிருக்கும், வெப்சைட் பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் புது எண்ணைப் போட வேண்டும்.

ஈசி2 வைத்திருப்பவர் ‘டெர்மினேட்’ (நிரந்தர நீக்கம்) செய்த பிறகு வால்யூம் (டிஸ்க்), ஸ்னாப்ஷாட், எலாஸ்டிக் ஐபி மூன்று பட்டியலையும் திறந்து பார்க்க வேண்டும். தனியாகச் சேர்த்த டிஸ்க் தானாக அழியாது. ஒவ்வொரு ரீஜனுக்கும் பட்டியல் வேறு. மும்பையைக் காலி செய்தவர் அமெரிக்காவின் வர்ஜீனியா ரீஜனையும் ஒருமுறை திறக்கட்டும்.