ஏற்காடு ஏறும் சைக்கிளுக்கு எந்தச் சீட்? ஜெல், ஸ்போர்ட்ஸ், தோல் மூன்றையும் போட்டு ஓட்டிய அனுபவம்

அடிவாரத்தைத் தாண்டினால் ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர் அளவில் இருக்கிறது. என் வேகத்துக்கு இந்த ஏற்றம் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். நின்று மிதிப்பது கொஞ்ச நேரம்தான் முடியும், மீதி நேரமெல்லாம் சீட்டில் உட்கார்ந்தேதான் மிதிக்க வேண்டும். இறக்கத்தில் எழுந்து நின்று உடம்புக்கு ஓய்வு கொடுக்கலாம், ஏற்றத்தில் அதற்கு வழியில்லை. அதனால் ஒரு சீட் நல்லதா இல்லையா என்பதை இந்தச் சாலை ஒரே காலையில் சொல்லிவிடும். சில வருடங்களில் என் ஹைப்ரிட் சைக்கிளில் மூன்று வகைச் சீட்டுகள் போட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது இருப்பது தோல் சீட். அதன் பக்கம்தான் பேசப் போகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதை வாங்குவதற்கு முன்பும் உங்கள் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். உட்காரும்போது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள்தான் எடையைத் தாங்க வேண்டும். அவற்றுக்கு இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும், ஆளின் பருமனைப் பார்த்துச் சொல்ல முடியாது. சேலத்தில் மாம்பழப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. உள்ளே நெளிநெளியாக இருக்கும் அந்த அட்டையில் ஒரு துண்டை வெட்டித் திண்ணையில் போட்டு, மேலே உட்கார்ந்து, முழங்கால்களைக் கொஞ்சம் உயர்த்தி அரை நிமிடம் அசையாமல் இருங்கள். இரண்டு குழிகள் விழும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். எனக்கு 118 மில்லிமீட்டர். சீட்டின் பின்பக்கம் இதைவிட 20 முதல் 30 மில்லிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும். உயரம், முன்பின் நகர்த்துவது எல்லாம் கடையிலேயே செய்து தருவார்கள்.

முதலில் வாங்கியது ஜெல் சீட். கையால் அமுக்கிப் பார்த்தால் மெத்தை மாதிரி இருக்கும், எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறோம். மூக்கனேரி வரை ஒரு சுற்றுப் போய்வருபவருக்கு அதுவே போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மணி நேரம் தாண்டியதும் கதை மாறுகிறது. எலும்பு முனைகள் ஜெல்லுக்குள் அமிழ, ஒதுங்கிய ஜெல் நடுவில் மேலெழும்பி, நரம்பும் ரத்தக் குழாய்களும் போகும் மென்மையான இடத்தை அழுத்துகிறது. எட்டாவது வளைவுக்குள் எனக்கு மரத்துப்போய்விடும். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், மரத்துப்போவதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. அப்படி ஆனால் அன்றைக்கே இறங்கிவிடுங்கள்.

அடுத்தது ஸ்போர்ட்ஸ் சீட். கெட்டியான ஃபோம், நடுவில் பள்ளம், 143 மில்லிமீட்டர் அகலம். உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த பேடட் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு ஓட்டினால் ஏற்காடு போய்த் திரும்புவது வரை தொந்தரவே இல்லை. எடையும் குறைவு. ஹேண்டில்பாரைத் தாழ்த்தி நன்றாகக் குனிந்து ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் சரி என்று நினைக்கிறேன். நான் அப்படி ஓட்டுகிறவன் இல்லை என்பதால் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஒன்றரை வருடத்தில் வியர்வை உப்பும் வெயிலும் சேர்ந்து ஓரங்களில் மேலுறை வெடித்தது. ஃபோம் ஒரு பக்கம் அமுங்கிவிட்டது. பழுது பார்க்கலாமா என்று கேட்டதற்குக் கடையில், “புதுசு போட்டுக்கோங்க, இதுல செய்ய ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டார்கள்.

என்னைத் தோல் பக்கம் திருப்பியது அந்தப் பதில்தான். அம்மாபேட்டையில் தறி நெய்த என் தாத்தா, நூல் சிப்பத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு போன பார் வண்டியில் இருந்தது ஸ்பிரிங் வைத்த தோல் சீட். நிமிர்ந்து உட்காரும் வண்டி, எடை முழுக்கச் சீட்டின் மேல் இறங்கும், அதனால்தான் அந்த அகலமும் ஸ்பிரிங்கும். தோல் தொய்ந்தபோது செருப்பு தைப்பவரிடம் கொடுத்து, இரண்டு பக்க மடிப்பிலும் ஓட்டை போட்டு, அடியில் குறுக்கே தோல்வார் கோத்து இழுத்துக் கட்டி வாங்கி வந்தார். அதற்கப்புறமும் பல வருடம் ஓட்டினார். சீட்டைப் பழுது பார்க்கலாம் என்பதே ஃபோம் சீட் வந்த பிறகு நமக்கு மறந்துபோய்விட்டது.

நான் வாங்கியது புரூக்ஸ் பி17. 1866இல் பர்மிங்காமில் தொடங்கிய நிறுவனம், நூறு வருடத்துக்கும் மேலாக இதே மாடலைச் செய்து வருகிறார்கள். அகலம் 175 மில்லிமீட்டர். என் அளவுக்கு அதிகமாகத் தோன்றும். தோல் சீட்டில் அப்படித்தான் வேண்டும், ஏனென்றால் தோல் இரும்புச் சட்டத்தில் தொட்டில் போலக் கட்டப்பட்டிருக்கிறது. எலும்பு முனைகள் சட்டத்துக்கு உள்ளே, தோலின் மேல் விழ வேண்டும். எடை அரைக் கிலோவுக்கு மேல். விலையோ ஒரு சாதாரண சைக்கிளையே வாங்கிவிடும் அளவு. முதல் ஐந்து ஏற்காடு பயணங்கள் பலகையில் உட்கார்ந்த மாதிரி இருந்தன. ஆறாவதில், என் எலும்பு படும் இரண்டு இடங்களில் மட்டும் லேசாகக் குழி விழுந்திருப்பதைப் பார்த்தேன். மாம்பழ அட்டையில் விழுந்த அதே இரண்டு குழிகள். அன்றிலிருந்து சீட்டைப் பற்றி யோசிக்காமலேயே மேலே போய்ச் சேர்கிறேன்.

சரி, பராமரிப்பு. தோல் சீட் வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது இதை வைத்துத்தான்.

சைக்கிள் கடைக்காரர் முதல் உறவினர் வரை எல்லாரும் சொல்வது, “கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்க.” தடவாதீர்கள். எண்ணெய் தோலுக்குள் ஊறி நாரைத் தளர்த்திவிடும், தொய்வு தானாக வரும். தாத்தாவின் சீட் தொய்ந்ததற்கும் வாரம் தவறாத அந்த எண்ணெய்தான் காரணம் என்று இப்போது புரிகிறது. தேவைப்படுவது கொழுப்பும் மெழுகும் கலந்த, சீட்டுக்கென்றே விற்கும் பசை. புதிதில் மேலும் கீழும் ஒரு முறை, அப்புறம் நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை, பழைய பனியன் துணியால் மெல்லிசாகத் தேய்த்து, ஓர் இரவு விட்டுத் துடைத்தால் போதும்.

மழை அடுத்தது. மே மாதச் சாயங்காலத்தில் ஏற்காட்டில் திடீரென்று கொட்டும். எல்லாரும் மேலிருந்து விழும் மழைக்குப் பயந்து உறை தேடுவார்கள். அதைவிடக் கெடுதல் பின்சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர். தோலின் அடிப்பக்கத்துக்குப் பாலிஷ் கிடையாது, அது பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். ஈரத் தோலின் மேல் உட்கார்ந்து இருபது வளைவு இறங்கினால் அது நீண்டுவிடும். அதனால் பின்சக்கரத்துக்கு முழு மட்கார்டு கட்டாயம். நிறுத்தும்போது மூடக் குளியல் தொப்பி ஒன்று சீட்டுக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். நனைந்துவிட்டால் வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிட வேண்டும். ஏப்ரல் வெயிலில் காய்ந்த தோலும் நிறுத்திவைத்த இடத்தில் வெடிக்கும், வேப்பமர நிழல் தேடி நிறுத்துவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சீட்டின் முன்னால் குறுகி நீளும் மூக்குப் பகுதியின் அடியில் ஒரு நட் இருக்கிறது. தோல் தொய்ந்தால் அதைக் கால் சுற்றுத் திருகி இழுத்துக்கொள்ளலாம். புதிய சீட்டில் கை வைக்கவே கூடாது, அதிகம் இழுத்தால் ஆணி அடித்த இடத்தில் தோல் கிழியும். இரண்டு வருடத்தில் நான் ஒரே ஒரு முறை திருகியிருக்கிறேன். பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதைத் தாத்தாவின் சீட்டை வைத்துத்தான் ஊகிக்கிறேன், என் சீட்டை வைத்து அல்ல.

சாய்மானமும் பழக வேண்டும். தோல் நடுவில் இறங்குவதால் மூக்கைச் சற்றே தூக்கி வைப்பார்கள், இல்லாவிட்டால் முன்னால் வழுக்கும். ஆனால் ஏற்காடு சாலையின் ஏற்றமே சீட்டைச் சுமார் மூன்று டிகிரி பின்னால் சாய்த்துவிடுகிறது. சமதளத்தில் அதிகம் தூக்கி வைத்தவர்களுக்கு மலையில் மூக்கு குத்தும். நான் மட்டத்துக்கு மிக அருகில் வைத்திருக்கிறேன்.

தினமும் மழையில் வேலைக்குப் போகிறவர்கள், சைக்கிளை வெளியிலேயே நிறுத்த வேண்டியவர்கள், மாட்டுத்தோல் வேண்டாம் என்பவர்கள் தோலை வாங்க வேண்டாம். இயற்கை ரப்பரும் பருத்தித் துணியும் சேர்த்து இதே தொட்டில் முறையில் செய்த சீட்டுகள் வருகின்றன, அவற்றுக்குப் பசையும் வேண்டாம், உறையும் வேண்டாம். நண்பருடையதில் ஒரு முறை குப்பனூர் வழியாக ஏறினேன். நன்றாகத்தான் இருந்தது, ஒரு முறை ஓட்டியதில் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

பெண்களுக்கு எது சரி என்று என் உடம்பை வைத்துச் சொல்வது முறையில்லை. என் தங்கையின் அட்டை அளவு 131 மில்லிமீட்டர், என்னுடையதைவிட அதிகம். என் ஸ்போர்ட்ஸ் சீட் அவளுக்கு மூன்றாவது வளைவிலேயே வலித்தது. மூக்கு குட்டையான தோல் சீட் ஒன்றைப் போட்டு இரண்டு தடவை பத்தாவது வளைவு வரை வந்திருக்கிறாள். இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது என்கிறாள். குழி விழும் வரை பழைய ஜெல் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.