வீடியோவுல கேட்ட ஆம்ப் வேற, வீட்டுக்கு வந்த ஆம்ப் வேற

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பழைய கிட்டார் ஆம்ப் தேடுறவங்களுக்காக எழுதுறேன். கடை பேரு போடல, இன்பாக்ஸ்ல வந்தும் கேக்காதீங்க.

போன நவம்பர். கேரல் ரவுண்ட்ஸுக்கு முன்னாடி ஆம்ப் வேணும். நாகர்கோவில் கடைக்காரர் ஒருத்தர் வாட்சாப்ல ஒரு நிமிஷ வீடியோ அனுப்பினாரு. 30 வாட் டிரான்சிஸ்டர் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில), 10 இஞ்ச் ஸ்பீக்கர், கூட ஒரு ஓவர்டிரைவ் பெடல், அதாவது காலால மிதிச்சா சத்தத்தைக் கரகரப்பாக்குற சின்னப் பெட்டி. சத்தம் அப்படி ஒரு கனம். கார்டு அடிச்சா ஒவ்வொரு கம்பியும் தனியா கேக்குது. ஹெட்போன் மாட்டி எத்தனை தடவை கேட்டேன்னு எனக்கே தெரியாது. ரெண்டுக்கும் சேத்து 19,500 ரூபாய். மழையில யாரு பஸ் ஏறன்னு ஜிபே பண்ணி பார்சல்ல வரவழைச்சேன்.

வீட்டுல போட்டா தகர டப்பாக்குள்ள கடந்தல் புகுந்த மாதிரி இரைச்சல். பெடலை மிதிச்சா கூடே கலைஞ்ச மாதிரி.

கடைக்கு போன் போட்டேன். முதல் நாள், "ஒங்க வீட்டுல வோல்டேஜ் கொறவா இருக்கும் தம்பி." மறுநாள், "கிட்டார்ல பிக்கப் சரியில்ல போல." மூணாவது நாள், "சவுண்டு கையிலதான் மக்கா இருக்கு." அதுக்கப்புறம் போனே எடுக்கல.

எங்க கொயர்ல கீபோர்டு வாசிக்கிற அண்ணன்கிட்ட அந்த வீடியோவைக் காட்டினேன். ரெண்டு தடவை பாத்தாரு. "எடே, ஆம்புக்கு முன்னால மைக்கும் இல்ல, பிக்கு கம்பியில உரசுற சத்தமும் இல்ல. போன்ல புடிச்ச வீடியோவுல அது எப்பிடி கேக்காம இருக்கும்?" பெருசாக்கிப் பாத்தா ஆம்ப்ல லைட்டு எரியுது, ஆனா இன்புட் ஓட்டை காலி. பெடல்ல இருந்து போற ஒயர் மேசைக்கு அடியில இருக்க ஒரு கறுப்புப் பெட்டிக்குப் போகுது. டிஜிட்டல் மாடலர்! பெரிய ஆம்ப், ஸ்பீக்கர் சத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டர் மாதிரி போலியா உண்டாக்குற பெட்டி.

மறுநாள் அண்ணனோட மாடலரை சர்ச் மிக்சர்ல மாட்டினோம். டிரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடி வால்வு வச்ச ஒரு ஆம்போட மாடல், 12 இஞ்ச் செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கரை ஷூர் எஸ்எம்57 மைக் வச்சு எடுத்த ஐஆர் (அந்த ஸ்பீக்கரும் மைக்கும் சேந்த சத்தத்தோட டிஜிட்டல் அச்சு), முன்னால என் பெடல். ரெண்டே நிமிஷத்துல அந்த வீடியோ சத்தம் அப்படியே வந்திட்டு. நான் ஆசைப்பட்டது எதுக்குன்னு அப்பதான் விளங்கிச்சு.

பெடல் மேல தப்பில்ல. இந்த வகை ஓவர்டிரைவ் அடிச்சத்தத்தைக் குறைச்சு நடுச்சத்தத்தை ஏத்தும். சத்தம் உடைஞ்சு கரகரக்கத் தயாரா நிக்கிற வால்வு ஆம்பைத் தள்ளிவிடத்தான் அது பேர்போனது. என் சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்ல தள்ளுறதுக்கு ஒண்ணும் கிடையாது, அதனால வெறும் இரைச்சல்.

நேர்மையா எடுத்த டெமோ கூட நம்ம ரூம்ல கேக்குற சத்தம் இல்ல. மைக் ஸ்பீக்கரை ஒட்டி நிக்கும், நாம நாலடி தள்ளி நிப்போம். அப்புறம் அடிச்சத்தத்தை வெட்டி, எக்கோ சேத்து, ஒரே வாசிப்பை ரெண்டு தடவை பதிஞ்சு இடதும் வலதுமா வைப்பாங்க. அது ரெக்கார்டிங் முறை, ஏமாத்து இல்ல. மாடலர் சத்தத்தை ஆம்ப் பேர்ல விக்கிறதுதான் ஏமாத்து. மாடலரையும் ஆம்ப் முன்னால சொருகிட்டு மட்டம்னு சொல்லாதீங்க. நான் அப்படிச் சொருகினப்ப போர்வைக்குள்ள வாசிச்ச மாதிரி இருந்துது. ஸ்பீக்கர் மேல இன்னொரு ஸ்பீக்கரைப் போட்டா அப்படித்தான் கேக்கும். மாடலருக்குள்ள இருக்க போலி ஸ்பீக்கரை, அதான் கேப் சிமுலேஷனை, அணைச்சதும் தெளிஞ்சிட்டு.

வாங்குறதுக்கு முன்னாடி வீடியோ கால் போடச் சொல்லுங்க. கிட்டார்ல இருந்து பெடல், பெடல்ல இருந்து ஆம்ப், ஒயரை விரலால தொட்டுக் காட்டணும். வாசிச்சிட்டு இருக்கும்போதே ஆம்ப் வால்யூமை சைபருக்குத் திருப்பச் சொல்லுங்க. சத்தம் நிக்கலைன்னா போனை வச்சிடுங்க.

கடைசியா கடைக்கே நேர்ல போனேன். "அது சும்மா மாதிரிக்கு எடுத்தது"ன்னாரு. திரும்ப எடுக்கணும்னா 9,000 தான் தருவாராம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிச்சு புகார் பதிஞ்சிருக்கேன். மசியலைன்னா நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதா இருக்கேன், 5 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்கின பொருளுக்கு அங்க கட்டணம் கிடையாது.  அந்த வீடியோ அண்ணன் போன்லயும் இருக்கு, ஓட்டை காலியா தெரியுற ஃபிரேமோட.