இரண்டாம் முறை பதிவான ஆல்பங்கள்: நெடுநாள் கேட்ட அனுபவம்

புகழ்பெற்ற ஓர் ஆல்பத்தை அதன் படைப்பாளியே பல ஆண்டுகள் கழித்து முதலிலிருந்து வாசித்துப் பதிவு செய்வதும், பழைய டேப்பைச் சுத்தம் செய்து ரீமாஸ்டர் என்று வெளியிடுவதும் முற்றிலும் வேறான காரியங்கள். மின்னணு இசையில் இந்த மறுபதிவுகள் கணிசமாக உண்டு. அவற்றை மூலப்பதிவுகளோடு மாற்றி மாற்றிப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஒலித்தரத்துக்காக மட்டும் செய்யப்பட்ட மறுபதிவுகள் என்னிடம் நிலைக்கவில்லை. புதிதாகச் சொல்ல ஏதேனும் இருந்ததால் செய்யப்பட்டவை நிலைத்தன.

நான் அதிகம் கேட்டது பிரெஞ்சு மின்னணு இசைக் கலைஞர் ழான் மிஷெல் ஜாரின் ‘ஆக்ஸிஜேன்’. 1976இல் பாரிஸில் தம் வீட்டிலேயே அமைத்த ஒலிக்கூடத்தில், எட்டுத் தட டேப் இயந்திரம் ஒன்றைக் கொண்டு ஜார் இதைப் பதிவு செய்தார். எமினென்ட் என்ற மின்னணு ஆர்கனின் வயலின் போன்ற ஒலியை, ஒலியைச் சுழல்வதுபோல் அசைக்கும் ஃபேசர் கருவி வழியாகச் செலுத்தியதில் கிடைத்த அந்த மெல்லிய சுழற்சிதான் ஆல்பம் முழுவதையும் சுமக்கிறது. தாளத்துக்கு கோர்க் மினிபாப்ஸ் என்ற சிறிய டிரம் மெஷின்; அதில் ஒரு நேரத்தில் ஒரு தாளத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றிருக்க, ஜார் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, அவை எழும்பிவிடாமல் ஒட்டுநாடாவால் ஒட்டிவைத்தார். நான்காம் பகுதியின் அந்தத் துள்ளல் தாளத்தை இந்த விவரம் தெரிந்தபின் கேட்டால், இரண்டு தாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது தெளிவாகப் புலப்படும்.

2007இல், ஏறத்தாழ முப்பதாண்டு நிறைவையொட்டி, ஜார் அதே பழைய அனலாக் கருவிகளைத் திரட்டி, மூன்று கலைஞர்களைத் துணைக்கு அமர்த்தி, முழு ஆல்பத்தையும் மீண்டும் வாசித்தார். நல்ல ஹெட்ஃபோனில் முதன்முறை கேட்கும் எவரும் புதிய பதிவையே விரும்புவார்கள் என்று நினைக்கிறேன்: அடித்தள ஒலிகள் உறுதியாக இருக்கின்றன, இடமும் வலமும் விரிந்திருக்கின்றன, சீறல் இல்லை. ஆனால் ஆறாம் பகுதியை இரண்டு பதிவுகளிலும் அடுத்தடுத்துக் கேட்டால் இழப்பு எது என்பது தெரியும். அங்கு வரும் கடலலையின் ஓசை மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் சின்தசைசரின் வெறும் இரைச்சலிலிருந்து வடிக்கப்பட்டது. மூலப்பதிவில் டேப்பின் சீறலும் இந்த அலையும் ஒன்றோடொன்று கலந்து, எங்கே டேப் முடிகிறது, எங்கே கடல் தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி நிற்கின்றன. புதிய பதிவில் அலை தூய மௌனத்திலிருந்து எழுகிறது. அழகாகவே இருக்கிறது, ஆனால் இசைக்கு அடியில் எப்போதும் இருந்துகொண்டிருந்த காற்று அங்கே இல்லை. இருந்தும் இந்த மறுபதிவை நான் ஒதுக்கவில்லை. டேப்பில் ஒருவரே தடம் தடமாக அடுக்கிய இசையை நால்வர் சேர்ந்து கைகளால் வாசிக்கும்போது எந்த ஒலி எந்தக் கருவியுடையது என்பது பிரிந்து தெரிகிறது. மூலப்பதிவை நுணுக்கமாகக் கேட்க எனக்குக் கற்றுத் தந்ததே இதுதான். இதற்கு முன் 2004இல், கேட்பவரைச் சுற்றி ஒலிபெருக்கிகளை வைக்கும் 5.1 ஒலியமைப்புக்காக ஜார் தம் பழைய இசைத் துண்டுகளைப் புதுப்பித்த ‘ஏரோ’வை ஆர்வத்தோடு கேட்டேன், திரும்பிச் செல்லவில்லை.

ஜெர்மன் மின்னணு இசைக்குழுவான டாஞ்சரின் ட்ரீமின் ‘ஃபேட்ரா’ விஷயத்தில் என் கருத்து கடுமையானது. 1973இன் இறுதியில் இங்கிலாந்தின் மேனர் ஒலிக்கூடத்தில் பதிவாகி 1974இல் வெளிவந்த அந்த ஆல்பத்தின் தலைப்புப் பகுதியில், மூக் என்ற சின்தசைசர் சூடேற ஏற அதன் சுருதி விலகிக்கொண்டே போவதும், அதை வாசிப்பினூடே சரிசெய்வதும் கேட்கின்றன. அந்தத் தடுமாற்றம் நீக்கப்படாமல் ஆல்பத்தில் இடம்பெற்றது. அந்த இசையின் உயிரும் அதுவே. குழுவின் நிறுவனர் எட்கர் ஃப்ரோஸ் பின்னாளில் வெளியிட்ட ‘ஃபேட்ரா 2005’இல் சுருதி அசைவதே இல்லை. மணல்வீச்சு முறையில் சுத்தம் செய்த கோயில் தூணைப் போல, அழுக்கோடு சேர்ந்து சிற்பத்தின் கண்ணும் மூக்கும் போய்விட்டன.

இதற்கு நேர் எதிரான அனுபவம் ஜெர்மன் மின்னணு இசைக்குழு க்ராஃப்ட்வெர்க்கின் ‘தி மிக்ஸ்’. 1991இல் வெளிவந்த இந்த ஆல்பத்துக்காக டுசல்டார்ஃபைச் சேர்ந்த அவர்கள் தம் பழைய பாடல்களை டிஜிட்டல் கருவிகளில் புதிதாக அமைத்தார்கள். இருபது நிமிடங்களுக்கும் மேல் ஓடிய ‘ஆட்டோபான்’ இங்கே பத்து நிமிடங்களுக்குள் சுருங்கியதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. நீண்ட சாலைப் பயணத்தைச் சொல்லும் பாடலுக்கு நீளம் தேவை. ஆனால் 1975ஆம் ஆண்டின் ‘ரேடியோஆக்டிவிட்டி’ பாடலுக்கு அவர்கள் செய்தது முற்றிலும் நியாயமான மறுபதிவு. மூலத்தில் அது கதிரியக்கத்தையும் வானொலியையும் ஒருசேரக் குறித்த, யார் பக்கமும் சாயாத பாடல். 1986இல் செர்னோபில் அணு உலை விபத்து நிகழ்ந்துவிட்டது. 1991ஆம் ஆண்டின் பதிவில் செர்னோபில், ஹாரிஸ்பர்க், செல்லாஃபீல்ட், ஹிரோஷிமா என்று அணு விபத்தும் அணுகுண்டும் நினைவூட்டும் ஊர்ப்பெயர்களை இயந்திரக் குரல் ஒவ்வொன்றாக உச்சரிக்க, ‘நிறுத்து’ என்ற சொல்லும் பாடலுக்குள் வருகிறது. கனமான நடனத் தாளத்தின் மேல் அந்தப் பெயர்கள் விழும்போது, பழைய பதிவின் அமைதி இனி போதாது என்று குழுவினரே தீர்மானித்தது புரிகிறது. 2012இல் டோக்கியோவுக்கு அருகே சிபாவில் நடந்த அணுசக்தி எதிர்ப்பு இசைநிகழ்ச்சியில் அவர்கள் ஃபுகுஷிமாவையும் சேர்த்துப் பாடினார்கள். இந்தப் பாடலை இன்று நான் 1991இன் வடிவத்திலேயே கேட்கிறேன்.

அமெரிக்க இசைக் கலைஞர் வெண்டி கார்லோஸ் தம் 1968ஆம் ஆண்டின் ‘ஸ்விட்ச்ட்-ஆன் பாக்’ ஆல்பத்தை மறுபதிவு செய்து 1992இல் வெளியிட்ட ‘ஸ்விட்ச்ட்-ஆன் பாக் 2000’ஐயும் இந்த வரிசையிலேயே வைப்பேன். மூல ஆல்பத்தில் அவர் பயன்படுத்திய மூக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். அதனால் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை இழை இழையாக டேப்பில் கோத்தார். இன்றைய பியானோக்களில் உள்ளதுபோல் சம இடைவெளிச் சுருதியமைப்பில் இருந்த அதே இசையை மறுபதிவில் பழைய ஐரோப்பியச் சுருதியமைப்புகளுக்கு மாற்றினார். மெதுவான பகுதிகளில் இரண்டு சுரங்கள் அதிர்வின்றி ஒட்டி நிற்பதைக் கவனித்துக் கேளுங்கள். மறுபதிவு செய்ததற்கான காரணம் அந்த ஒட்டுதலிலேயே இருக்கிறது.

வாங்க எண்ணுபவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. மூலமும் மறுபதிவும் ஏறக்குறைய ஒரே பெயரில் விற்கப்படுவதால் அட்டைப்படத்தை நம்ப வேண்டாம். பதிவான ஆண்டைப் பாருங்கள். ஆண்டு குறிப்பிடப்படாத இடத்தில் பாடலின் நீளத்தை ஒப்பிட்டால் பெரும்பாலும் எந்தப் பதிவு என்பது தெரிந்துவிடும். கார்லோஸின் ஆல்பத்துக்கு மட்டும் பழைய இசைத்தட்டுக் கடைகளில்தான் தேட வேண்டியிருக்கும்.