நாலு போர்ஷன் வீட்டுக்கு ஒரு பரிசோதனை

குரோம்பேட்டையில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு போர்ஷன். எல்லாவற்றிலும் ஆள் குடியிருக்கிறார்கள். வாடகை வருமானத்துக்காக வாங்கலாமா என்று பார்க்கிறேன். விலை 1.60 கோடி. போடப்போவது ரிட்டயர்மென்ட் பணம் என்பதால், டோக்கன் கொடுப்பதற்கு முன் வீட்டுப் பரிசோதனை செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு 14,000 ரூபாய் கட்டினேன். ஐந்துக்கு மூன்று தரலாம்.

வந்த பொறியாளர் சின்னப் பையன், ஆனால் கெட்டிக்காரர். புதுசாகப் பெயின்ட் அடித்து மினுக்கிய சுவரில் ஈரம் அளக்கும் கருவியை வைத்தார். எண் ஏறிக்கொண்டே போனது. மாடி பாத்ரூம் தண்ணீர் கீழ் வீட்டுச் சமையலறைத் தளத்துக்கு இறங்குவதைத் தெர்மல் கேமராவில் காட்டினார். தூணில் பூச்சைக் கொஞ்சம் சுரண்டிவிட்டுத்தான், காங்கிரீட்டின் உறுதியைச் சோதிக்கும் ரீபவுண்ட் ஹேமரால் தட்டினார். பூச்சுமேலேயே தட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டாம். சன்ஷேடின் அடியில் கம்பி துருவேறி காங்கிரீட் உப்பியிருப்பது என் கண்ணில் பட்டிருக்கவே படாது.

ஆனால் ஏணி கொண்டுவரவில்லை, அதனால் மேல்தொட்டியைப் பார்க்கவில்லை. செப்டிக் டேங்க் மூடியையும் திறக்கவில்லை. அறிக்கை தடிமனாக வந்தது, பாதி எந்த வீட்டுக்கும் பொருந்தும் பொது உபதேசம். பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. விலை பேசப் போகிறவருக்கு வேண்டியதே அதுதானே!

வாடகை வீடு என்ற கண்ணோட்டமே அவர்களுக்கு இல்லை. நாலு போர்ஷனுக்கு மூன்று ஈபி மீட்டர்தான் இருக்கிறது. நாலாவது வீட்டுக்கு ஓனர் இணைப்பிலிருந்து சப்மீட்டர், யூனிட்டுக்கு அவர் சொன்னதுதான் ரேட். அந்த வீட்டுக்கு 100 யூனிட் இலவசமும் தனியாகக் கிடையாது. அப்ரூவ்டு பிளானில் இருப்பது இரண்டே சமையலறை, அதாவது நாலு வீடாக அனுமதி இல்லை. இதைக் கேட்டால் "எங்க ஸ்கோப்ல வராது மேடம்" என்கிறார்கள்.

வாடகையையும் நானே விசாரித்தேன். புரோக்கர் மாதம் 46,000 வருகிறது என்றார். சாயங்காலம் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டதில் 41,000தான் தேறியது. பத்திரத்தில் முழு விலையையும் காட்டினால் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 9 சதவீதம், அதாவது 14.40 லட்சம். மொத்த முதலீட்டில் வருஷ வாடகை சுமார் 2.8 சதவீதம்தான் தேறும். சொத்து வரி, மோட்டார் கரன்ட், ஆள் மாறும்போது பெயின்ட் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும்.

குடியிருப்பவர்கள் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள், மொத்தம் 4.10 லட்சம். வாங்கினால் அதைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழும். பதிவு செய்யாத 11 மாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வராது என்பதால், அவரவரிடமே வாங்கிப் படித்தேன்.

சுவர், தூண், கசிவுக்கு இவர்களைத் தாராளமாகக் கூப்பிடலாம். ஏணி வேண்டும், தொட்டிகளைத் திறக்க வேண்டும் என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செலவுக் கணக்குக்கு நான் தனியாக ஒரு மேஸ்திரியைக் கூட்டிப்போனேன். பாத்ரூமுக்கும் சன்ஷேடுக்கும் மூன்று லட்சம் என்றார். அட்வான்ஸையும் சேர்த்து விலையில் ஏழு லட்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். மகனிடம் கேட்டுச் சொல்வதாக ஓனர் சொன்னார்.